ஆன்டோ வாசித்த கடைசிப் பக்கம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அம்மையார் எழிலரசி அவர்களே! இசை கேட்டால் இளகும் இதயம் கொண்ட பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பாதியில் விட்டுப் பட்டாபிராம் வந்திருக்கும் தாய்மார்களே! ரயிலிலும் நின்று, இடமில்லாமல் இங்கும் நிற்கும் தோழர்களே! ஜேசுராஜின் வணக்கம்.

மேற்கத்தியச் செவ்விசையின் வடிவத்தை ஆராய ஒரு வகுப்பு இன்று தொடங்குகிறது. வாசித்தால் போதாதா? வடிவத்தை வேறு ஆராய வேண்டுமா? இருபது ஆண்டுகள் இப்படிக் கேட்டவன் நான். அந்த அலட்சியத்தால் ஒரு மனிதரை அவமானப்படுத்தியவனும் நான்.

பின்வரிசையில் யார் அது, "மேட்டருக்கு வா அண்ணாத்தே" என்பது? வந்துட்டேன் நைனா!

நான் நடத்தும் எங்கள் கோயில் குழுவில் என்னையும் சேர்த்து எட்டு வயலின்கள். ஈஸ்டர் கச்சேரிக்குச் சொனாட்டா என்னும் செவ்விசைப் படைப்பு ஒன்றை எடுத்தோம். முதல் பகுதியில் வரும் மெட்டுகள் கடைசிப் பகுதியில் மறுபடி வரும். அதே மெட்டுதானே, அதற்கு எதற்குத் தனிப் பக்கம்? கடைசிப் பக்கங்களை நான் நகலெடுக்கவே இல்லை. முதல் பக்கத்தையே திரும்ப வாசிக்கச் சொன்னேன். அம்பத்தூரில் லேத் ஓட்டும் ஆன்டோ மட்டும் சொந்தப் புத்தகம் வைத்திருந்தார்.

மூன்று வாரம் ஒத்திகை. மூன்று வாரமும் அதே இடம், அதே மோதல்! ஏழு வில்கள் ஒரு பக்கம், ஆன்டோவின் வில் ஒரு பக்கம். எல்லார் முன்னாலும் நான் கத்தினேன்.

"இன்னா ஆன்டோ, காது அடைச்சுகிச்சா?"

"புக்குல இப்டித்தாண்ணே போட்டுகீது."

"ஏழு பேரு தப்பு, நீ ஒருத்தன் கரீட்டா? ஊட்டுக்குப் போய் ஒயுங்கா பழகிகினு வா!"

ஆன்டோ வயலினைப் பெட்டியில் வைத்தார். மூடினார். போனார். அடுத்த வாரம் வரவில்லை.

எங்கள் குழுவில் ரெனிதா என்றொரு பெண், ஐடி வேலை. அவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. முழு நோட்ஸையும் தேடி எடுத்து, எந்த மெட்டு எந்த ஸ்கேலில், அதாவது எந்தச் சுர வரிசையில், தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணா, ஜி மேஜர்ல ஆரம்பிக்கிறோம். எதுல முடிக்கிறோம்?"

வாசித்துப் பார்த்தேன். "டி மேஜர்..."

"ஆரம்பிச்ச ஸ்கேல்லதானே முடியணும்? ரெண்டாவது மெட்டு முதல் தடவை மட்டும்தான் டி-க்குப் போகுது. கடைசியில ஜி-லயே நிக்குது. அதுக்காக நடுவுல நாலு பார், நாலு தாளக் கட்டம், மாத்தி எழுதியிருக்காங்க. ஆன்டோ அண்ணன் வாசிச்சதுதான் சரி."

மெட்டு ஒன்று, ஆனால் அது நிற்கும் இடம் வேறு! அதைப் பிரித்தறிவதற்குப் பெயர்தான் வடிவ ஆய்வு. நான் பழக்கத்தை நம்பினேன், எண்ணிக்கையை நம்பினேன், எழுதியிருந்ததை மட்டும் நம்பவில்லை!

அன்றே திருநின்றவூரில் ஆன்டோ வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர் ஆன்டோவின் மனைவி சகாயமேரி. "ஒம்போது நாளா அந்தப் பொட்டியத் தொடல" என்றார். ஆன்டோ வெளியே வந்தார்.

"நான்தான் தப்பு, ஆன்டோ."

"திட்டும்போது அத்தினி பேரு இருந்தாங்க. இத்த மட்டும் தனியா வந்து சொல்றியேண்ணே?"

சுருக்கென்றது. அடுத்த ஒத்திகையில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ஆன்டோ பெட்டியைத் திறந்தார். ஈஸ்டர் அன்று எட்டு வில்லும் ஜி மேஜரில் ஒன்றாக வந்து நின்றன!

கைதட்டல் எனக்கு வேண்டாம். மூன்றாம் வரிசையைப் பாருங்கள். நீலச் சட்டைக்காரர்தான் ஆன்டோ. அவருக்குத் தட்டுங்கள்!

இசையைக் கேளுங்கள், ரசியுங்கள், வாசியுங்கள். கூடவே பென்சிலையும் எடுங்கள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேறாக வாசித்தால், அவர் வாயை அடைக்குமுன் அவர் பக்கத்தைப் படியுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி, வணக்கம்.