பதினோராவது வெற்றிலைக் கட்டு

சாயங்காலம் ஆறே முக்கால் மணி இருக்கும். பதினேழாங்கட்டை சடக்கு, அதாவது பதினேழாவது மைல் ரோடு. இரண்டு பக்கமும் பால்மரக் காடு, எல்லாம் ரப்பர் மரம். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. சேதுபதி சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்.

இவர் என் நண்பர் இராமலிங்கத்துக்குத் தாய்வழியில் மாமா முறை. நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

1957. மலாயாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் நாலு மாசம். சேதுபதி டவுன் ஓரத்தில் காஜா பேராங் என்ற இடத்தில் ஒரு அறையில் தனியாக இருந்தார். டவுனில் மரக்கடை வேலை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வருசா வருசம் டவுன் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால், உள்ளே இருக்கிற தோட்டத்துக் கோயில்களுக்கெல்லாம் போய் வெற்றிலை வைத்து அழைப்பது அவர் பொறுப்பு. ஒரு கோயிலுக்கு ஒரு கட்டு. மூன்று வெற்றிலை, இரண்டு பாக்கு, மஞ்சள் நூலில் கட்டியது. அதைக் கையில் வாங்கிவிட்டால் கண்டிப்பாக வர வேண்டும். வாங்கிவிட்டு வராமல் இருப்பது பெரிய தப்பு.

அந்தத் தப்பை சேதுபதியே செய்திருந்தார்.

ஜப்பான்காரன் காலம். பதினேழாங்கட்டை தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அவர் தம்பி ஜெயபாலன், லயத்துக் கோயில் பூசைக்கு வரச் சொல்லி அண்ணனிடம் வெற்றிலை கொடுத்துவிட்டுப் போனான். "வந்துரு அண்ணே, உனக்கு எல போட்டு வச்சிருப்பேன்" என்றான். இவர் வாங்கிக்கொண்டார். மழை என்று போகவில்லை. அடுத்த வாரம் லாரி வந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாற்பத்தோரு பேரையும், ஜெயபாலனோடு சேர்த்து, சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒருத்தரும் திரும்பவில்லை. லயம் காடாகிப் போனது.

கோயில் செயலாளர் நடராஜன் கொடுத்த பட்டியலில் பத்துக் கோயில்தான். சேதுபதி பதினோரு கட்டு கட்டினார். பதினாலு வருசமாக அந்தப் பக்கமே போகாதவர், இந்த வருசம் போனார்.

லயத்துக் கூரை பாதி விழுந்து கிடந்தது. கோயில் என்றால் ஒரு மேடை, ஒரு சூலம், அவ்வளவுதான். யாரோ அன்றைக்குத்தான் கூட்டினது மாதிரி மேடையைச் சுற்றி ஒரு சருகுகூட இல்லை... மரத்துப் பால் உறைந்த கட்டிப்பால் வாடை அடித்தது. புளித்த வாடை. பால் வெட்டாத காட்டில் அந்த வாடை எப்படி வரும்?

கட்டை மேடையில் வைத்தார். பத்துக் கோயிலில் சொன்ன அதே வார்த்தை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"லயத்துல உள்ளவங்க எல்லாரும் குடும்பத்தோட வந்துரணும்."

பூச்சிச் சத்தம் நின்றது.

இருட்டு லயத்துக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல். களைத்துப் போன குரல்.

"எல்லாருமா?"

சேதுபதி சைக்கிள் பக்கம் பார்த்தார். ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"எல்லாருந்தாம்மா" என்றார்.

சைக்கிளைத் திருப்பினார். பின்னால் சருகு மிதிபடும் சத்தம்... வெறுங்கால்கள். நிறைய. நடுவில் ஒரு பால் வாளிக் கைப்பிடி கிரீச், கிரீச் என்றது. அவர் மேட்டில் மெதுவாகத் தள்ளினால் அதுவும் மெதுவாக வந்தது. செங் கிராமம் தாண்டி, விளக்கு வெளிச்சம் தெரிந்த பிறகுதான் நின்றது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அறைக் கதவைத் திறக்கும்போது, பதினாலு வருசத்தில் முதல் தடவையாகத் தனியாக வீடு வந்த மாதிரி அவருக்குத் தோன்றவில்லை.

திருவிழா அன்று மத்தியானம். கடைசிப் பந்தி. பின் வரிசையில் நாற்பத்தோரு இலை போடச் சொன்னார் சேதுபதி.

"யாருக்குய்யா?" என்றார் நடராஜன்.

"பதினேழாங்கட்டைக்காரங்களுக்கு."

"அங்க யாரு இருக்கா, கொரங்குதான் இருக்கு. அதுக்குமா வெத்தல வச்சிட்டு வந்தே?"

"கூப்புட்டுட்டேன், நடராஜன். கூப்புட்டா எல போடணும்."

பரிமாறுகிறவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறும் சாம்பாரும் வைத்துவிட்டுப் போனார்கள். வரிசைக் கடைசியில் தனக்கு ஒரு இலை போட்டுக்கொண்டு, சேதுபதி குனிந்து சாப்பிட்டார். பக்கத்தில் யாரும் இல்லை. அந்த நீளத்துக்கும் அவர் ஒருத்தர்தான்.

மோர் ஊற்ற வந்த நடராஜன் அப்படியே நின்றுவிட்டார்.

இலைகள் மடிந்திருந்தன. எல்லாமே. நல்ல காரியத்தில் நாம் இலையை நம் பக்கமாக மடிப்போம், சாவு வீட்டில் எதிர்ப்பக்கம் மடிப்போம் இல்லையா... அவை எதிர்ப்பக்கம் மடிந்திருந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை.

நாற்பது இலை அப்படி. சேதுபதிக்குப் பக்கத்து இலை மட்டும் உள்பக்கமாக, உறவு தொடரணும் என்று மடிப்பது போல மடிந்திருந்தது. அதன் மேல் ஒரு வெற்றிலைக் கட்டு. நூல் வெளுத்துப் போன பழைய நூல். வெற்றிலை மட்டும் இப்போதுதான் பறித்தது மாதிரி இருந்தது. கட்டிப்பால் வாடை.

"தொடாதே, சேதுபதி." நடராஜன் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "கைய எடு. எடுத்தா போகணும்."

"தெரியும்" என்றார் சேதுபதி. "போன தடவ வாங்கிட்டுப் போகாம இருந்துட்டேன்."

எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். கை கழுவினார். வெளியே போனார்.

அவர் சைக்கிள் கோயில் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. அன்றைக்கும் நின்றது, அடுத்த மாசமும் நின்றது.

செங்கில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் மட்டும் அன்று சாயங்காலம் அவரைப் பார்த்திருக்கிறார். ஏதோ பேசிக்கொண்டே பதினேழாங்கட்டைப் பக்கம் நடந்து போனாராம். சடக்கு காலியாகத்தான் கிடந்ததாம்... ஆனால் சேதுபதி புல்லோரமாக, ஒடுங்கி நடந்தாராம். நடுச் சடக்கில் இடமே இல்லாதது போல.