மாதா தங்கிவிட்ட வீடு

கல்மண்டபத்தில் நான் ஏறிய பஸ், திருவொற்றியூர் போகும் வழியில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. இந்தச் சாலையில் பஸ் நின்றால் அடுத்தவர் வீட்டுக் கதை இலவசம். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

"மாதா ஒரு வாரமா எங்க வூட்லதான் கீறாங்க."

நான் போனை அணைத்துப் பையில் போட்டேன்.

"இன்னாக்கா சொல்ற? வூட்டுக்கு ஒரு ராத்திரிதானே மாதா சுரூபம்? மறுநாளு எல்லாரும் ஜெபமாலை சொல்லிக்கினு வந்து, அடுத்த வூட்டுக்குத் தூக்கினு போவாங்களே?"

"அடுத்த வூடு எங்க கீது? நீ மாத்தூர் பூட்ட. பக்கத்து வூட்டு ஸ்டெல்லா புள்ளையோட துபாய் பூட்டா. எதிர்வூட்டு டீச்சரு கனடா. நம்ம தெருவுல மாதா கோயிலுக்குப் போற வேதக்காரின்னா இப்ப நான் ஒருத்திதான்."

"ஆனா சாமியாரு பிரசங்கத்துல சொன்னாரேக்கா. வெள்ளைக்காரன் நாட்டுல நம்ம வேதத்து ஆளுங்க கொறைஞ்சாலும், ஆப்பிரிக்காவுல கூடிக்கினே போறாங்களாம்."

"கூடட்டும், நல்லதுதான். அங்கேர்ந்து யார்னா வந்து தூக்கினு போவாங்களா?"

இளையவர் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"வுடுக்கா. தனியா கீற, மாதா தொணைக்கு கீறாங்கன்னு நெனச்சுக்க."

"தொணைதான். தெனம் மெழுவத்தி ஏத்தறேன், பூ வைக்கறேன். கோயில்லேர்ந்து கொண்டாந்து வச்சதோட சரி, அப்பால யாரும் வரல. மறுநாளு வருவாங்கன்னு சுண்டல் வேற அவிச்சு வச்சேன்."

பஸ் மெல்ல நகர்ந்தது.

"மாதாவைத் தூக்க வரும்போதுதாண்டி, வருசத்துல ஒருவாட்டி, நாலு பேரு என் கதவைத் தட்டுவாங்க."