தொலஞ்ச நூலு

கோச்சிக்காத தாயி, உள்ள வா. ஆவடிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி, இந்த வெயில்ல திருமழிசைக்கு உன்ன இஸ்துகினு வந்தது என் தப்புதான். மயிலு டான்ஸுக்கு பதினோரு புள்ளைங்க. எனக்கு நம்பரு படிக்க வராதுன்னு டீச்சரம்மா எல்லாத்துக்கும் நூலுல அளவெடுத்து, முடிச்சு போட்டு, பேரு சீட்டு கட்டி அனுப்புவாங்க. உன் பொண்ணு நூலு மட்டும் எங்கியோ தொலஞ்சிபோச்சு. இன்னா பண்றது, சொல்லு.

வா கண்ணு, ஸ்டூலு மேல ஏறு. கைய நீட்டு. இப்ப கழுத்து. கழுத்து எதுக்கா? மயிலுக்கு கழுத்துதானேம்மா அழகு. உத்து உத்து பாக்கறேனா? தைக்கிறவ கண்ணு, அப்டிதான் இருக்கும், தப்பா நெனைக்காத.

இந்த வேலயா? சின்னதுலேர்ந்தே பைத்தியம். கூத்து நடந்தா ஊரே முன்னால குந்திகினு பாக்கும். நான் பின்னால போயி, ராசா சட்டையில கண்ணாடி எப்டி வச்சி தச்சிக்கிறான்னு பாத்துகினு நிப்பேன். எங்க ஊட்டுக்காரரு கோதண்டம்கூட, சோத்த வடிக்காம சரிகைய வச்சி கொஞ்சிகினு கீறியேன்னு கத்துவாரு. எனக்கு ஒரே பொண்ணு. அவ இஸ்கோலு விழாவுக்கு பழைய நீலப் பொடவைய கிழிச்சி ஒரு மயிலு உடுப்பு தச்சேன். பெரிய டீச்சரு பாத்துட்டு இன்னும் பத்து கேட்டாங்க. அப்டியே பூந்தமல்லி, அம்பத்தூருன்னு பரவிடுச்சு. எத தச்சாலும் மொதல்ல என் பொண்ணுதான் போட்டுக் காட்டுவா. ராமரும் அவதான், ராட்சசியும் அவதான்.

இப்ப அவ எங்கியா? சொல்றேன். கண்ணு, கொல்லையில ஆட்டுக்குட்டி கீது, போய் பாரு. முட்டாது, போ.

எண்பத்தேழுல பிரசவத்துக்குப் போனா, திரும்பி வர்ல. மாப்ள பச்சக் கொழந்தைய ஆவடிக்கு தூக்கினு போய்ட்டாரு. வேற கல்யாணம் பண்ணிக்கப் போறேன், கொழந்தைக்கு ஒரு அம்மா போதும், நீங்க வந்து கொழப்பாதீங்கன்னாரு. நியாயம்தானேன்னு தலையாட்டிட்டேன். தல ஆடிச்சு, மனசு கேக்கலியே. நாலு வயசானா புள்ளைய இஸ்கோல்ல சேத்துதானே ஆவணும்? அந்த வருசத்துலேர்ந்து ஆவடில ஒரு இஸ்கோலு உடாம ஏறி எறங்கிட்டேன், விழாவுக்கு நான் தைக்கிறேன்னு. மூணு வருசமா எந்த நூலு வந்தாலும், அப்பன் பேரோட படிங்கன்னு டீச்சரம்மாவ கேப்பேன். போன மாசம் படிச்சாங்க. குணசேகரன் பொண்ணு, ஃபேக்டரி குவார்ட்டர்ஸுன்னு.

ஏம்மா எழுந்துட்ட? குந்து. ஆமா, என் பொண்ணு பேரு வனஜாதான். உனக்கும் தெரியுமா? உன் ஊட்டுக்காரரு சொல்லிக்கிறாரா? பரவால்ல.

பயப்படாத. அதுகிட்ட நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். நீதான் அதுக்கு அம்மா. ரெட்ட ஜடையில ரிப்பன் எவ்ளோ அழகா மடிச்சி கட்டிக்கிற, வந்ததுமே பாத்தேன். எனக்கு வயிறு குளுந்துபோச்சு. அழாத, புள்ள வந்துரும்.

இந்தா, சுருக்குப் பையில கீது பாரு, டீச்சரம்மா அனுப்புன நூலு. தொலையலம்மா. உடுப்பும் போன வாரமே தச்சி முடிச்சிட்டேன், அதோ ஆணியில மாட்டிக்கீது. அளவெடுக்கறேன்னு சொன்னா தொட்டுப் பாக்கலாம்ல, அதான்.