குழல்வாய்மொழி திடல்

சொல்லுக்கு முன்னே நின்றவளே, சொல் ஓய்ந்த இடத்திலும் நிற்பவளே, பொருநை நீராடிப் பூவாடை புனையும் உலகம்மையே! உன் திருவடி என் நெஞ்சில் இருக்க, இந்தக் கதை வழுவாமல் நடக்கட்டும்.

முன்னொரு காலத்திலே, பொருநையின் தென்கரையிலே, மருதந்துறை என்று ஓர் ஊர். அந்த ஊரிலே உலகம்மைக்கு மாலை கட்டும் ஆவுடைநாயகப் பண்டாரம் என்று ஒருவர். மனைவி இல்லை, பெண்மக்கள் இருவர். மூத்தவள் ஒப்பனையாள். பிள்ளைப் பருவத்துக் காய்ச்சலிலே செவி போயிற்று. செவியோடு குரலும் போயிற்று. இளையவள் குழல்வாய்மொழி.

பூக்கட்டுகிற வீட்டிலே கைக்கு ஏது ஓய்வு? ஒரு கையிலே பூ, மறுகையிலே நார். சாடை காட்டக் கை இல்லை. ஆகவே அக்காளும் தங்கையும் உதட்டாலே பேசினார்கள், கண்ணாலே பேசினார்கள். சத்தமில்லாமல் குழல் வாயசைத்தால் ஒப்பனை குலுங்கிச் சிரிப்பாள். அந்தப் பேச்சிலேதான் குழலின் முகம் அத்தனை தெளிவாக விளைந்தது என்பார்கள்.

அப்படி இருக்கையிலே, படம் பிடிக்கிற கூட்டம் ஒன்று சென்னப்பட்டணத்திலிருந்து வந்து ஆற்றங்கரையிலே இறங்கிற்று. அது ஊமைப்படக் காலம். திரையிலே வாய் அசையும், குரல் வராது. படித்துறையிலே குழல் அக்காளோடு பேசியதை அந்தக் கூட்டத்து முதலாளி பார்த்தான். பார்த்தவன் நேரே பண்டாரத்தின் வாசலுக்கு வந்தான்.

"அம்மைக்குப் பூக்கட்டுத குடும்பம் வேய் இது. கூத்தாட மகளை விடுவேனா? வந்த வழியே போரும்!" என்றார் பண்டாரம்.

முதலாளி போனான். ஆனால் குழலின் மனசும் பின்னாலேயே போயிற்று. அக்காளைப் பார்த்து உதட்டாலே சொன்னாள்: "உன்கிட்ட பேசுத மாதிரி பேசினாப் போதுமாம்க்கா. போயிட்டு வந்திருதேன்."

போனாள். பண்டாரம் ஆற்றிலே தலைமுழுகிவிட்டு வந்தார். "எனக்கு ஒரே மகதான்" என்றார். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டிலே குழலின் பேர் இல்லை. ஒப்பனைக்குப் பேச்சுத்துணையும் இல்லை.

பட்டணத்திலே குழலுக்கு வேறு பேர் வைத்தார்கள். அவள் முகம் தீப்பெட்டியிலே வந்தது, நாட்காட்டியிலே வந்தது. ஒரு தடவை பார்த்தவன் மறுநாளும் கொட்டகை வாசலிலே நின்றானாம். அதெல்லாம் திரைக்கு முன்னாலே. திரைக்குப் பின்னாலே, அந்த முதலாளியே தாலி என்று ஒரு கயிற்றைக் கட்டினான். கட்டிய கையாலே கதவையும் பூட்டினான். சிரி என்றான், சிரித்தாள். அழு என்றான், அழுதாள். படம் முடிந்தது, அடுத்த படம். அதுவும் முடிந்தது, அதற்கும் அடுத்தது. விளக்கு வெக்கையிலே கண் வெந்தது, நெஞ்சிலே சளி கட்டியது. சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆண்டுகள் பல போயின. மருதந்துறைக்கு வெளியே, அம்மையின் சப்பரம் திரும்புகிற திடலிலே, கூடாரக் கொட்டகை ஒன்று வந்து இறங்கியது. பக்கத்து வீட்டு வள்ளிமயில் மதினி ஒப்பனையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள்.

திரையிலே, காட்டுக்குத் துரத்தப்பட்ட ஒரு மகாராணி. அது குழல்! கைகூப்பி முகத்தை நிமிர்த்தி வாயசைக்கிறாள். திரையோரம் நின்று கதை சொல்லுகிற ஆள் தொண்டை கிழியக் கத்துகிறான்: "பாருங்கய்யா பாருங்க! ஈசனே, என் மன்னவனைக் காட்டமாட்டாயா என்று கதறுகிறாள் மகாராணி!" கூட்டம் விம்முகிறது. ஊர்த்தலைவர் சட்டநாதபிள்ளை துண்டாலே கண்ணைத் துடைக்கிறார்.

ஒப்பனைக்கு அவன் கத்தியது கேட்கவில்லை. அவள் கண்டது உதட்டை. அந்த உதடு ஈசனையும் கேட்கவில்லை, மன்னவனையும் கேட்கவில்லை. "அக்கா, அலுப்பா இருக்கு. என்னைய வீட்டுக்குக் கூப்பிடு" என்றது.

ஒப்பனை வீட்டுக்கு ஓடினாள். தகப்பனார் முன்னே நின்று வாயசைத்தாள், மார்பிலே அடித்துக்கொண்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் ஒப்பனை நாரைத் தொடவில்லை. பண்டாரத்துக்கோ விரல் மடங்காத வயசு, கட்டுகிறவள் அவள் ஒருத்திதான். சாயரட்சைக்கு அம்மைக்கு மாலை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"அம்மை வெறுங்கழுத்தோட இருக்கா! உம்ம மகளுக்குக் கிறுக்கா வேய்?" என்று பட்டர் வந்து சத்தம் போட்டார்.

"மாலையைக் கட்டுடி! என்ன வேணும் உனக்கு? சொல்லித் தொலை!" என்று பண்டாரம் மகளின் முகத்தைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். இத்தனை காலமும் அந்த உதட்டை அவர் உற்றுப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தார். உதடு மெல்ல மெல்ல அசைந்தது: தங்கச்சி. வீட்டுக்கு. கூப்பிடு.

பண்டாரம் அன்றைக்கே ரயிலேறினார்.

ஆனால், படம் பட்டணத்திலிருந்து ஊர் ஊராய்த் திரிந்து மருதந்துறைக்கு வருவதற்குள் காலம் ஓடியிருந்தது. பேசும்படம் வந்துவிட்டது, முதலாளி வேறு முகம் தேடிக்கொண்டான். ஓர் ஒண்டுக்குடித்தனத்திலே, பாயிலே, இருமிக்கொண்டு கிடந்தாள் குழல்.

"அலுத்துப்போச்சா தாயி? எந்திரி. வீட்டுக்குப் போவோம்" என்றாராம் பண்டாரம். வேறொன்றும் கேட்கவில்லையாம்.

கூட்டி வந்தார். ஊர் என்ன செய்தது? திரையிலே பார்த்து அழுத ஊர், தெருவிலே பார்த்து முகம் சுளித்தது. "கூத்தாடி இருக்கிற வாசல்ல அம்மை சப்பரம் நிக்காது, கேட்டீரா பண்டாரம்?" என்றார் சட்டநாதபிள்ளை. வாசலுக்கு வாசல் நிற்கிற சப்பரம், அந்த ஐப்பசியிலே பண்டாரத்தின் வாசலைத் தாண்டிப் போயிற்று. வேலியோரம் நின்று அவளை எட்டிப் பார்க்கிற கூட்டம் மட்டும் ஒருநாளும் குறையவில்லை.

சப்பரம் தாண்டிப் போனதை ஒப்பனை பார்த்தாள். தங்கையைப் பிள்ளைபோலத் தூக்கித் தோளிலே போட்டாள். குறுக்குவழியே நடந்து திடலிலே இறக்கி உட்கார்த்திவைத்தாள். தீவட்டியோடு சப்பரம் வந்தது. ஒப்பனை அதன் முன்னே குறுக்காகப் போய் நின்றாள்.

"ஏ மூதி, விலகு!" என்று கத்தினார் பிள்ளை.

அப்போது குழல் முகத்தை நிமிர்த்தினாள். வாயசைத்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது, கண் குழி விழுந்திருந்தது. ஆனாலும் அதே முகம். அதே திடலிலே, அதே ஊர், அன்றைக்குப் பார்த்து அழுத அதே முகம். நாதசுரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்தார். தவில் நின்றது. அம்மையிடம் என்ன வரம் கேட்கிறாளோ என்று ஊரே கைகூப்பிற்று.

அவள் பார்த்தது அம்மையை அல்ல. அம்மைக்கு முன்னே நின்ற அக்காளை. சொன்னது இவ்வளவுதான்: "போதும்க்கா. வீட்டுக்குப் போவோம்."

ஒப்பனை அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். திருப்பு என்று பிள்ளை கையை அசைத்தாராம். சப்பரம் திரும்பிற்று. கொட்டு இல்லை, நாதசுரம் இல்லை. அக்காளும் தங்கையும் முன்னே போக, உலகம்மை பின்னே போய்ப் பண்டாரத்தின் வாசலிலே நின்றாள். அந்த மாசம் முடியுமுன்னே குழல் கண்ணை மூடினாள், தன் வீட்டிலே.

அதனாலேதான் இன்றைக்கும் ஐப்பசிச் சப்பரம் அந்தத் திடலுக்கு வந்ததும் மேளம் ஓய்கிறது. அங்கிருந்து பண்டாரத்தின் வாசல்வரைக்கும் ஒருவரும் குரலெடுப்பதில்லை. வேண்டுகிறவர்கள் உதட்டாலே மட்டும் வேண்டுகிறார்கள். திடலுக்குப் பேர் குழல்வாய்மொழி திடல்.

இதைச் செவியாலே கேட்டவர்க்கும், உதடு பார்த்து அறிந்தவர்க்கும், அலுத்து வரும் வேளையிலே ஒரு வாசல் திறந்திருக்கட்டும். வா என்று கூப்பிட ஓர் உயிர் இருக்கட்டும். உலகம்மை பின்னே வரட்டும்.