ம் கொட்டாத ஊர்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, ஜமீன்தாருக ஆண்ட நாள்ல, நம்ம குருவிமடையில உடையாண்டின்னு ஒருத்தர் இருந்தாராம். கதை சொல்லக் கெட்டிக்காரர். களத்துல அவர் வாயத் தொறந்தா, அழுத புள்ளயும் அழுகைய நிறுத்துமாம்.

அந்த வருசம் ஜமீன்தார் தன் மாந்தோப்புக்குத் தண்ணி வேணும்னு நம்ம மடைய அடைச்சுப்புட்டான். ஊருணி காஞ்சுபோச்சு. பொம்பளைக காத தூரம் நடந்து, கல்லுவெட்டுன கெடங்குல எறங்கித் தண்ணி மோந்தாங்க. உடையாண்டி மக வெள்ளத்தாயி, பதினாறு வயசு, அங்கதான் கால் வழுக்கி விழுந்து செத்தா.

ஊர்க்காரங்க மூணு தரம் போயி மொறையிட்டாங்களாம். மூணு தரமும் அவன் வெத்தலயக் குதப்பிக்கிட்டே தூங்கிப்போயிட்டான்.

"நீரு போம்வே. உம்ம பேச்சுக்குத்தான் அவன் முழிச்சிருப்பான்"னு உடையாண்டிய அனுப்புனாங்க.

போனாரு. கும்புட்டாரு. மடையப் பத்தி மூச்சு விடல. "மகாராசா, ஒரு ஊர்ல ஒரு புள்ள"ன்னு ஆரம்பிச்சாரு. இடுப்புல குடம் இருக்கிறாப்ல நடந்து காட்டுனாரு. அவ கை வளவிச் சத்தத்த வாயால செஞ்சாரு. கெடங்கு விளிம்புல ஒத்தக் கால வெச்சவரு, சட்டுன்னு நிறுத்தி, துண்டால மொகத்தத் தொடச்சாரு.

"ம்... அப்புறம்?"னான் ஜமீன்தார். வெத்தலய மெல்லவே மறந்துட்டானாம்.

"படியெல்லாம் பாசி, மகாராசா." மறுபடி நிறுத்துனாரு.

"ம்... அப்புறம்?"

பெத்த மக சாவக் கொஞ்சங் கொஞ்சமா அவுத்து வெச்சாரு. அவருக்கே அது அருவருப்பாத்தான் இருந்துச்சாம். ஆனா அவன் முழிச்சிருந்தானே. கடைசில, "அந்தப் புள்ள எம் மவ, மகாராசா. மடையத் தொறந்துவிடுங்க"ன்னாரு.

ஜமீன்தாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. தோள்ல கெடந்த பட்டுத் துண்ட எடுத்து அவருக்குப் போத்துனான். "'எம் மவ'ன்னு முடிச்சான் பாரு, அங்கதான்யா நிக்கிறான். ஏலே, நாளைக்கு எங்க வீட்டுப் பொம்பளைகளும் கேக்கணும். அவ வழுக்குற எடத்த இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லு."

"மடை, மகாராசா?"

"அது கெடக்கட்டும்."

ஊரே எல்லையில காத்து நின்னுச்சு. "முழிச்சிருந்தானாவே?"

"முழிச்சிருந்தான். அழுதான்."

"மடை?"

"அழுதான்யா"ன்னாராம். அவ்வளவுதான்.

அந்தப் பட்டுத் துண்ட மக விழுந்த கெடங்குலயே வீசிட்டாரு. பெறகு சாகுறவரைக்கும் அவர் கதை சொல்லல. யாராச்சும் குறைன்னு வந்தா, ம் கொட்ட மாட்டாராம். எந்திரிச்சு நின்னு, "என்ன செய்யணும்?"ம்பாராம்.

மடை தொறக்கவே இல்ல. மாந்தோப்பு இன்னமும் காய்க்குது. நம்ம ஊர்க் கூட்டத்துல குறை சொல்றவனுக்கு யாரும் ம் கொட்டாம, எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறோமே, அது அன்னைக்கு வந்த பழக்கம். உக்காந்து ரசிச்சுக் கேட்டா, வெள்ளத்தாயி இன்னொரு தரம் வழுக்கி விழுவா.