பழுப்பு டப்பா

...அதைத்தான் கேக்கறேன், மூச்சு விடறதுக்குக்கூடவா பாடம் எடுப்பாங்க? பொறந்ததுலேருந்து விட்டுக்கிட்டிருக்கற மூச்சும்மா அது! அறுபத்தெட்டு வயசு மனுஷனை நிமித்தி உக்கார வச்சு, “மூக்கால இழுங்க, உதட்டைக் குவிங்க, மெழுகுவத்தியை அணைச்சிடாம ஆட்டி விடற மாதிரி மெதுவா ஊதுங்க”ன்னு... எங்க வீட்டுக்காரரும் ஊதறாரு! நான் கூப்பிட்டா மூணாவது தடவைதான் காது கேக்கும் அவருக்கு. அந்த சிஸ்டர் கண்ணைக் காட்டினா போதும், ஊதறாரு.

உக்காரும்மா, ஏன் நின்னுக்கிட்டே இருக்கே? இந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், நீ சுவத்துப் பக்கமா வா. டாக்டருங்க சுத்தி முடிக்கற வரைக்கும் உள்ள விடமாட்டாங்க. நேத்து வந்த பதினோராம் பெட்டு... உங்கம்மாவா? நெனச்சேன். அதே மூக்கு. ஆஸ்துமாவா? ம்... எங்களுக்குப் பத்தாம் பெட்டு. நடுவுல ஒரு திரைச்சீலைதான், அவங்க இருமினா இவரு முழிச்சுக்குவாரு. இனிமே நாம சொந்தக்காரங்க மாதிரிதான்னு வச்சுக்கயேன்.

எட்டு நாளா இங்க குடியிருக்கறவ சொல்றேன், அந்தக் கண்ணாடி போட்ட சிஸ்டர் இருக்காங்களே, ஒல்லியா, அவங்ககிட்ட மட்டும் வாயைக் குடுக்காதே. அப்பப்பா, என்ன கேள்வி! எத்தனை படி ஏறினா மூச்சு வாங்குது? எத்தனை தலகாணி வச்சுப் படுக்கறாரு? சளி என்ன கலரு? வெள்ளையா, மஞ்சளா, இல்ல பச்சை கலந்த மஞ்சளா? நான் என்ன துணிக்கடையா வச்சிருக்கேன்? “சளிதான் கலரு”ன்னேன். சிரிக்கவே இல்ல. எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் அந்தக் கிளிப்பு. துணி காயப்போடற கிளிப்பு மாதிரி ஒண்ணை விரல்ல மாட்டி நம்பர் பாக்கறாங்க. என் பையன் பரிட்சை மார்க்கைக்கூட நான் அப்படி எட்டி எட்டிப் பாத்ததில்ல. எண்பத்தஞ்சுன்னா அவங்க புருவம் ஏறுது, தொண்ணூறுன்னா இறங்குது. “ஏன் சிஸ்டர், அந்த ஆக்ஸிஜனை இன்னும் கொஞ்சம் திருகி வுடுங்களேன், நூறாகட்டுமே”ன்னேன். “இவரோட நுரையீரலுக்கு அளவுக்கு மேல போனாலும் ஆபத்தும்மா, தொண்ணூறு போதும்”னாங்க. பாத்துக்க. காத்துலகூட அளவு!

எங்களுக்கு ரொட்டிக் கடை. முப்பத்தஞ்சு வருஷமா அவரு அடுப்பு முன்னாடி, நான் கல்லாவுல. மாவு பறந்து பறந்து, அவரு வீட்டுக்கு வந்தா புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும். வயசான வேஷம் போட்ட மாதிரி இருக்கும்னு கிண்டல் பண்ணுவேன். அந்த மாவும் புகையும் உள்ளயும்தான் போயிருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? இருமுவாரு... நான் தண்ணி குடுப்பேன். அவ்வளவுதான் வைத்தியம். ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டரைப் பாத்தப்பதான் நுரையீரல்னாங்க, வாயில வச்சு இழுக்கற மருந்துன்னு ரெண்டு டப்பா குடுத்தாங்க. நீலம் ஒண்ணு, பழுப்பு ஒண்ணு. உங்கம்மாவுக்கும் இருக்கா? ஆங், அதேதான்.

சரி, நேத்து நடந்த கூத்தைக் கேளு.

நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம். அதுக்கு முன்னாடி, “வீட்டு மருந்துப் பையை எடுங்க, எப்படி இழுக்கறாருன்னு நான் பாக்கணும்”னு வந்து நின்னாங்க சிஸ்டர். பையில கையை வுட்டு பழுப்பு டப்பாவை எடுத்தாங்க. குலுக்கினாங்க. அமுக்கினாங்க. ஒண்ணும் வரல. பின்னாடி குட்டியா ஒரு ஜன்னல் இருக்கும், அதுல நம்பர் தெரியும்... முட்டை. அவ்வளவுதான்! வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி, “ஐயா, இது காலியாகி எத்தனை மாசமாச்சு?”

இவரு அந்த டப்பாவைப் பாத்தாரு. அப்புறம்... என்னைப் பாத்தாரு. ஒரே ஒரு தடவை. அப்புறம் சிஸ்டர்கிட்ட, “நான்தான் சிஸ்டர். புதுசை எடுக்க மறந்துட்டேன். சோம்பேறித்தனம்”னாரு.

அரை மணி நேரம்மா! அரை மணி நேரம் அர்ச்சனை! “நீலம் அடைச்ச மூச்சைத் திறக்கும், பழுப்புதான் அடைக்காம காப்பாத்தும். நல்லாயிருக்கும்போதுதான் அதை விடாம இழுக்கணும். இத்தனை மாசம் உங்க நுரையீரலைப் பட்டினி போட்டிருக்கீங்களே, படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல?” இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “ஆமா சிஸ்டர், தப்புதான் சிஸ்டர்.” ஒரு கடைக்கு மொதலாளிம்மா அவரு! எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. சீட்டுல வேற எழுதிட்டாங்க, சிவப்பு மையில: ‘நோயாளி மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை.’ அவரு பேருக்கு நேர் கீழே.

மறந்துட்டாராம்! யாரு, அவரா? காலையில ஏழு, சாயந்திரம் ஏழு, கடிகாரம் தப்பும், அவரு தப்பமாட்டாரு. சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு நாற்காலியில நிமிந்து உக்காந்துக்குவாரு. மருந்து இழுக்கறதுக்குன்னு குடுத்த பிளாஸ்டிக் குடுவையில நான் டப்பாவைச் சொருகி அமுக்குவேன், அவரு கண்ணை மூடிக்கிட்டு இழுப்பாரு. பத்து எண்ணற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்குவாரு. அப்புறம் வாய் கொப்புளிச்சுட்டு வந்து, “தேங்க்ஸ்”னு சொல்லுவாரு எனக்கு. பொண்டாட்டிக்கு தேங்க்ஸ் சொல்ற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா நீ?

என்ன பாக்கறே?

ஆமா. நான்தான் அமுக்குவேன். ரெண்டு வேளையும் நான்தான்.

அப்படிப் பாக்காதேம்மா. எனக்கு ஒரு அக்கா இருந்தா. அவளுக்கு வேற ஏதோ வியாதி, வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை. முகம் வீங்கி, எலும்பு பொடிஞ்சு, கட்டில்லேருந்து இறங்கினதுல இடுப்பு உடைஞ்சு போச்சு. கடைசியில நான்தான் கூட இருந்தேன். அப்படியிருக்கும்போது எங்க நாத்தனார் ஒருநாள் அந்தப் பழுப்பு டப்பா அட்டையைப் படிச்சுட்டு, “அண்ணி, இதுவும் ஸ்டீராய்டுதானே”ன்னா. அவளுக்கென்ன, சொல்லிட்டு காபி குடிச்சுட்டுப் போயிட்டா. எனக்குத் தூக்கம் போச்சு. நிறுத்துங்கன்னா இவரு கேப்பாரா? டாக்டர் சொன்னது இவருக்கு வேதவாக்கு. அதனால... பழைய காலி டப்பாவையே சொருகிக் குடுத்தேன். மாசாமாசம் வாங்கின புதுசு நாலும் பீரோவுல, போர்வைக்குப் பின்னாடி. சீல் பிரிக்கல.

மொத மாசம் நல்லாத்தான் இருந்தாரு! பாத்தியா, மருந்தே வேணாம்னு எனக்குள்ள ஒரே பெருமை. ரெண்டாம் மாசம் நீலத்தை வாரத்துக்கு ரெண்டு தரம் கேட்டாரு. மூணாம் மாசம் தினம். நாலாம் மாசம், ஒருநாள் காலையில மாவு மூட்டை மேல உக்காந்துட்டாரு. ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு, தோளு ரெண்டும் மேல மேல ஏறுது. ஒரு வார்த்தை முழுசா வரல. “அ... டு... ப்”ங்கறாரு. சாகப்போற நேரத்துலயும் அடுப்பை அணைக்கச் சொல்றாரும்மா. உதடு நீலமாயிருச்சு. நீலத்தை அடிச்சேன், அடிச்சேன்... கேக்கல.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? இங்க கொண்டு வந்ததும் மொத வேலையா நரம்புல ஏத்தினது என்ன? ஸ்டீராய்டு! “டப்பாவுல கடுகளவும்மா, அதுவும் நேரா நுரையீரலுக்கு. அதை விட்டதால இப்ப குடம் குடமா ஊத்த வேண்டியிருக்கு”ன்னாங்க நேத்து அந்த சிஸ்டர். எலும்பைக் காப்பாத்தக் கிளம்பின புத்திசாலி நான்.

இன்னைக்குக் காலையில வாய் கொப்புளிக்க அவருக்குத் தண்ணி புடிச்சேன். “எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?”ன்னு கேட்டேன். “நேத்து சிஸ்டர் அமுக்கினப்பதான்”னாரு. “சத்தமே வரலையே, தொண்டையில ஜில்லுனு படலையேன்னு முன்னாடியே தோணுச்சு. நீ குடுக்கறேன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்”னாரு. திட்டல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிட்டு ஆறியிருப்பேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டாரு. “யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதே”ன்னுட்டு ஊதப் போயிட்டாரு.

கதவு திறந்துட்டாங்க பாரு. போ, போம்மா, உங்கம்மா தேடுவாங்க. அந்தப் பழுப்பை நீயே பக்கத்துல நின்னு குடு. கேக்குதா? அமுக்கும்போது சத்தம் வருதான்னு பாத்துக் குடு.

நானா? இல்ல, நான் இப்ப உள்ள வரல. சிஸ்டர் ரூமுக்குப் போறேன். அவரு சீட்டுல இருக்கறதை அடிச்சுட்டு, நடந்ததை எழுதச் சொல்லணும். டாக்டருங்க அதைப் படிச்சுட்டு, ஒழுங்கா மருந்து எடுக்காத ஆளுன்னு அவரைப் பாக்கறாங்கல்ல... அது ஆகாது.

திட்டட்டும். நல்லாத் திட்டத் தெரிஞ்ச பொண்ணுதான் அது.