சித்தேரி வண்டிக்கு முந்தி ஒரு சொட்டு

காஜா: இது ஆறாவது பாட்டில்ணே.

சவுரியப்பன்: எண்ணிக்கிட்டா இருக்க? குடுப்பா... சித்தேரி வண்டி எடுக்கப் பத்து நிமிசம்தான் இருக்குது.

காஜா: குடுக்கறேன். கண்ணு யாருக்குச் சரியில்ல?

சவுரியப்பன்: வூட்ல. ராஜமேரிக்கு.

காஜா: அண்ணி நேத்துதான் இங்க வந்து தலைவலி மாத்திரை வாங்கிட்டுப் போச்சு. கண்ணு நல்லாத்தான இருந்துச்சு?

சவுரியப்பன்: ...சரி, எனக்குத்தான். நீ மருந்துக்கடையில நிக்கறியா, போலீஸ் ஸ்டேசன்ல நிக்கறியா?

காஜா: செவப்பு இன்னுமா அடங்கல?

சவுரியப்பன்: மலை ரோட்டுப் புழுதி அப்படி. கண்ணு செவந்திருந்தா ஓனரு மச்சான் சாவி தரமாட்டான்ல. தெனம் காலைல ரெண்டு கண்ணையும் பாத்து, வாயை ஊதச் சொல்லி, அப்பறம்தான் சாவி. நான் குடிச்சதே இல்லப்பா... மாதா மேல சத்தியம்!

காஜா: தெரியும்ணே. ஆனா...

சவுரியப்பன்: அவன் முன்னாடி போறதுக்கு முந்தி ஒரு சொட்டு. ரெண்டே நிமிசம், பளிச்சுனு ஆயிடுது. உன் மருந்து தங்கம்!

காஜா: அதுல ரெண்டு மருந்து கலந்திருக்குதுண்ணே. ஒண்ணு ரத்தக் கொழாயைச் சுருக்கிச் செவப்பை மறைக்கும். இன்னொண்ணு ஸ்டீராய்டு. டாக்டரு அஞ்சு நாளைக்குத்தான் எழுதினாரு. சீட்டைப் பாருங்க, மார்ச்சு எண்பத்தாறு... ஈஸ்டருக்கு முந்தி! இப்ப வேளாங்கண்ணிக்குக் கொடியே ஏறப் போவுது.

சவுரியப்பன்: அஞ்சு பாட்டிலு வித்தப்ப இந்த வாய் எங்க போச்சு? இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?

காஜா: ...சும்மாதான். டப்பாக்குள்ள இருக்கற தாளைப் படிச்சேன்.

சவுரியப்பன்: என்ன போட்டிருக்குது?

காஜா: மாசக்கணக்குல ஊத்தினா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுமாம். வலிகூட இருக்காதாம்... லைட்டைப் பாத்தா சுத்தி வளையம் தெரியுதா?

சவுரியப்பன்: வானவில்லாட்டம். சாயங்கால டிரிப்புல, எதுத்தாப்புல வண்டி வந்தா. ஒரு மாசமா... தூக்கம் பத்தலைன்னு நெனச்சேன்.

காஜா: வலது கண்ணைப் பொத்துங்க. என் மூக்கையே பாருங்க.

சவுரியப்பன்: பாக்கற மாதிரியா இருக்குது உன் மூக்கு?

காஜா: வெளையாடாதீங்கண்ணே. என் கை தெரியுதா?

சவுரியப்பன்: எந்தக் கை? நீ இன்னும் தூக்கவே இல்லியே.

காஜா: தூக்கித்தான் வெச்சிருக்கேன். உங்களுக்கு எடப்பக்கம்.

சவுரியப்பன்: ...ஆட்டு பாக்கலாம்.

காஜா: ஆட்டிக்கிட்டேதான் இருக்கேன்.

சவுரியப்பன்: மாதாவே... அப்ப அந்த ஆடு...

காஜா: எந்த ஆடு?

சவுரியப்பன்: முந்தாநாளு, மலை வளைவுல அடிபட்டுச்சே. எடப்பக்கத்துல திடீர்னு பாஞ்சுதுன்னு கண்டக்டர்கிட்ட சொன்னேன். பாயலபோல இருக்குது... அது பாட்டுக்கு நடந்துதான் வந்திருக்குது.

காஜா: இன்னிக்கே தருமபுரி போயி கண் டாக்டரைப் பாருங்கண்ணே. போனது வராட்டியும் இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்.

சவுரியப்பன்: கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா லைசென்சு போயிரும். மூணு புள்ளைங்கடா! இந்தப் பாட்டிலே நாளைக்குத்தான். பழசுல இருந்த கடைசிச் சொட்டைக் காலைலயே வுட்டுட்டேன், சாவியும் வாங்கியாச்சு... இந்தா பாரு. இந்த ஒரு டிரிப்பு மட்டும் ஏறி எறங்கிட்டு நேரா தருமபுரிதான்.

காஜா: வேணாம்ணே. எடுக்காதீங்க.

சவுரியப்பன்: கண்ணு எனக்குப் போவுது, உனக்கு என்னடா வந்துச்சு?

காஜா: எங்க அத்தா புளிய மரம் குத்தகை பேச சித்தேரிக்குப் போறாருண்ணே. உங்க சீட்டுக்கு நேர் பின்னாடி உக்காந்திருக்காரு, நான்தான் துண்டு போட்டு எடம் புடிச்சுக் குடுத்தேன். இத்தினி நாளா மத்தவங்க அப்பன், அத்தாவையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனீங்க, நான் வாயே தொறக்கல... சொல்லுங்கண்ணே, சாவியை நீங்களே போயிக் குடுத்துடறீங்களா, இல்ல நானும் கூட வரட்டுமா?